ரத்தம் குறைந்தால் மூளை செல்கள் சாகின்றனவா, இல்லை பேச்சை மட்டும் நிறுத்துகின்றனவா?

#1 செவ்வந்தி

அப்பாவுக்குப் போன மாதம் ஸ்ட்ரோக் வந்தது. வலது கை தூக்க முடியவில்லை, பேச்சும் போய்விட்டது. நேரத்தோடு கொண்டுபோனதால் மூளைக் குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். அன்று சாயங்காலமே கை அசைந்தது, மறுநாள் பேச ஆரம்பித்தார்.

டாக்டர் சொன்ன ஒரு வாக்கியம் மனதில் நிற்கிறது: "அந்தப் பகுதி சாகலம்மா, சத்தம் போடாம இருந்துச்சு, அவ்வளவுதான்." தம்பி இதை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான். செல்கள் செத்துத்தான் போயின, பக்கத்து செல்கள் வேலையை எடுத்துக்கொண்டன என்பது அவன் கட்சி. உயிரோடு இருக்கும் ஒரு செல் ஏன் வேலை செய்யாமல் இருக்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் புரியும்படி சொல்லுங்களேன்.

#2 ஆய்வுக்கூட எலி

டாக்டர் சொன்னதுதான் சரி. தம்பி சொல்லும் விஷயமும் நடக்கும், ஆனால் அதற்கு வாரங்கள், மாதங்கள் பிடிக்கும். சாயங்காலத்துக்குள் கை அசைந்ததை அதை வைத்து விளக்க முடியாது.

மூளையில் 100 கிராம் திசுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லி ரத்தம் ஓடுகிறது. இது பாதியாகக் குறைந்தாலும் பெரும்பாலும் சமாளித்துவிடும், ஓடுகிற ரத்தத்திலிருந்து கூடுதலாக ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். 15-20 மில்லிக்கு இறங்கும்போது மின் செயல்பாடு நின்றுபோகிறது. கையைத் தொட்டால் மூளையில் எழ வேண்டிய மின் அலை எழுவதில்லை. ஆனால் செல்லின் சவ்வு கெடவில்லை, உள்ளே இருக்க வேண்டிய பொட்டாசியம் உள்ளேயே இருக்கிறது. இன்னும் இறங்கி 10 மில்லிக்கும் கீழே போனால்தான் பொட்டாசியம் குபுகுபுவென்று வெளியே கொட்டும். அதுதான் சாவின் பாதை.

1977-ல் ஆஸ்ட்ரப், சைமன் குழுவினர் பபூன் குரங்குகளில் இதை நேரடியாக அளந்தார்கள். மூளைத் தமனியை அடைத்து, ஒரே இடத்தில் ரத்த ஓட்டம், மின் அலை, வெளியே கசியும் பொட்டாசியம் மூன்றையும் பார்த்தார்கள். மின் அலை மறையும் அளவும் பொட்டாசியம் கொட்டும் அளவும் வேறு வேறு என்று தெரிந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்ட பகுதிக்குத்தான் 'பெனம்ப்ரா' என்று பெயர். உங்கள் அப்பாவின் பேச்சு மணிக்கணக்கில் அங்கேதான் மாட்டிக்கொண்டிருந்தது.

ஒன்றை மறக்காதீர்கள். இது நிலையான இடம் இல்லை. 15 மில்லியில் ஒரு மணி நேரம் தாங்கும் திசு ஐந்து மணி நேரம் தாங்காது.

#3 கேள்விக்குறி

எண்கள் நன்றாக இருக்கின்றன, ஆனால் காரணம் எங்கே? ஆற்றல் தீர்ந்துபோனதால் நின்றது என்றால் எல்லாம் சேர்ந்தல்லவா நிற்க வேண்டும்? சவ்வைக் காக்க ஆற்றல் இருக்கிறதாம், பேச மட்டும் இல்லையாம். இது எப்படி?

#4 ஆய்வுக்கூட எலி

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். பதில் இதுதான்: ஆற்றல் தீர்வதற்கு முன்பே செல்களுக்கிடையே நடக்கும் பேச்சு நின்றுவிடுகிறது.

இரண்டு நியூரான்கள் (நரம்பு செல்கள்) சந்திக்கும் சினாப்ஸைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். நடுவில் இடைவெளி சுமார் 20 நானோமீட்டர். இந்தப் பக்க முனையில் குளூட்டமேட் என்ற செய்தி கடத்தும் ரசாயனம் நிரம்பிய சிறு பைகள் தயாராக ஒட்டிக்கொண்டிருக்கும். மின் துடிப்பு வந்து சேர்ந்ததும் கால்சியம் வாயில்கள் திறக்கும், உள்ளே நுழையும் கால்சியம் பைகளைச் சவ்வோடு இணைத்து உடைக்கும், குளூட்டமேட் அந்தப் பக்கம் பாயும். இவ்வளவும் ஒரு மில்லிவிநாடி கூட ஆகாது.

ரத்தம் குறைந்ததும் செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறு லேசாக இறங்குகிறது. ஏடிபி உடைந்து உடைந்து கடைசியில் கிடைப்பது அடினோசின். செல்லில் ஏடிபி மிக அதிகம், அடினோசின் மிகக் குறைவு. அதனால் ஏடிபி சில சதவீதம் இறங்கினாலே அடினோசின் பல மடங்கு ஏறிவிடும். அது வெளியே வந்து அந்த முனையில் அடினோசினைப் பிடிப்பதற்கென்றே இருக்கும் ஏ1 ஏற்பி என்ற புரதத்தில் உட்காருகிறது. உட்கார்ந்தால் கால்சியம் வாயில்கள் திறப்பது குறையும், பைகள் உடையாது. துடிப்பு வந்து சேர்கிறது, செய்தி மட்டும் மறுபக்கம் போவதில்லை.

ஆதாரம் கேட்பீர்கள் என்று தெரியும். ஹிப்போகேம்பஸ் என்ற மூளையின் ஞாபகப் பகுதியிலிருந்து வெட்டிய துண்டுகளில் ஏ1 ஏற்பியை மருந்து போட்டுத் தடுத்துவிட்டு ஆக்சிஜனைக் குறைத்தால், சினாப்ஸ் உடனே அடங்குவதில்லை, தாமதமாகத்தான் அடங்குகிறது. அந்த ஏற்பியே இல்லாமல் உருவாக்கிய எலிகளிலும் அப்படித்தான், ஆனால் ஆக்சிஜன் திரும்பியபின் அவற்றின் திசு சரியாக மீளவும் இல்லை.

(காபி நம்மை விழிக்க வைப்பதும் இதே அடினோசினைத் தடுத்துத்தான். உடனே "காபி குடித்தால் ஸ்ட்ரோக்கில் ஆபத்தா" என்று யாரும் தனி இழை தொடங்க வேண்டாம்.)

#5 மூன்றாம்வாசகன்

அப்படியானால் இது பழுது இல்லை, ஏற்பாடு! வரவு குறைந்ததும் கடையைச் சாத்திவிட்டு, வீட்டுக்குள் ஒரு விளக்கை மட்டும் எரிய விடுவதுபோல. மூளைச் செலவில் பெரும்பகுதி சினாப்ஸ்களுக்குத்தான் போகிறது என்று படித்திருக்கிறேன். உடல் எடையில் 2 சதவீதம் இருந்துகொண்டு 20 சதவீத ஆக்சிஜனைச் சாப்பிடும் உறுப்பு, செலவைக் குறைக்க முதலில் வாயை மூடுவதுதானே புத்திசாலித்தனம்?

#6 பழைய நோட்டு

உடலியங்கியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறேன், மூன்றாம்வாசகன் தம்பி.

கடைக்காரர் தானே முடிவு செய்து கதவைச் சாத்துகிறார். இங்கே முடிவு செய்ய யாரும் இல்லை. அடினோசின் ஒரு தடை, உண்மைதான். ஆனால் ரத்தம் முழுவதும் நின்று, அது நீடித்தால் அந்தத் தடையால் ஒன்றும் ஆகாது. 1943-ல் ராசன் குழுவினர் இளைஞர்களின் கழுத்தில் பட்டை கட்டி, மூளைக்குப் போகும் ரத்தத்தைச் சில விநாடி நிறுத்திப் பார்த்தார்கள். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத சோதனை. 5 முதல் 10 விநாடிக்குள் நினைவு தப்பியது. விட்டதும் தெளிந்தார்கள். இந்த அளவு வரைக்கும் உங்கள் 'ஏற்பாடு' கதை பொருந்தும். சில நிமிடம் தாண்டினால் கதை தலைகீழ்.

சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்பு ஏடிபி இல்லாமல் நிற்கிறது. வெளியே சாதாரணமாக 3 மில்லிமோலார் அளவில் இருக்கும் பொட்டாசியம் 60 வரை ஏறுகிறது. இப்போதுதான் விபரீதம். சிந்திய குளூட்டமேட்டை உறிஞ்சி உள்ளே எடுப்பதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது. அது ஓடுவது இந்த அயனி வேறுபாட்டின் பலத்தில். வேறுபாடு போனதும் அது பின்னோக்கி ஓட ஆரம்பிக்கிறது. உள்ளே எடுக்க வேண்டியது வெளியே கக்குகிறது! கடும் ரத்தக்குறைவில் குளூட்டமேட் பெருகுவதற்கு இந்தப் பின்னோட்டம்தான் முக்கியக் காரணம் என்று 2000-ல் அட்வெல் ஆய்வகம் காட்டியது.

ஆக, முதலில் ஊமையான அதே சினாப்ஸ் கொஞ்ச நேரத்தில் கத்தித் தீர்க்கிறது. மறுபக்க செல்லில் குளூட்டமேட்டால் திறக்கும் என்.எம்.டி.ஏ. என்ற கால்சியம் வாயிலை ஒரு மக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டிருக்கும். செல்லின் மின்னழுத்தம் சரிந்ததும் அந்த அடைப்பு கழன்றுவிடும், கால்சியம் கட்டுப்பாடில்லாமல் உள்ளே பாயும், புரதங்களையும் சவ்வையும் அறுக்கும் நொதிகள் விழித்துக்கொள்ளும். இந்த வகைச் சாவுக்கு 'எக்சைட்டோடாக்சிசிட்டி' என்று 1969-ல் ஓல்னி பெயர் வைத்தார்.

#7 கேள்விக்குறி

அப்படியானால் என்.எம்.டி.ஏ. வாயிலை அடைக்கும் மருந்தைக் கொடுத்தால் விஷயம் முடிந்ததே?

#8 பழைய நோட்டு

எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். 90-களில் செல்ஃபோடெல் உட்பட வரிசையாக வந்தன, வரிசையாகத் தோற்றன. குழப்பம், மாயத்தோற்றம், ரத்த அழுத்த ஏற்ற இறக்கம் என்று பக்கவிளைவுகள் வேறு. மருந்து தாமதமாகப் போவதுதான் பிரச்சினையோ என்று ஆம்புலன்ஸிலேயே மக்னீசியம் கொடுத்துப் பார்த்தார்கள். 1,700 பேர், அறிகுறி தொடங்கி 2 மணி நேரத்துக்குள். 2015-ல் முடிவு வந்தது: ஊனம் குறையவில்லை.

என் கணிப்பு இது. குளூட்டமேட் பெருக்கு முதல் நிமிடங்களிலேயே நடந்துவிடுகிறது, நாம் போய்ச் சேர்வதற்குள் அந்த ரயில் போய்விட்டது. தவிர, தப்பித்த செல்கள் பிழைத்திருக்கவும் அதே வாயில் மூலம் கொஞ்சம் சமிக்ஞை தேவைப்படுகிறது. மொத்தமாக அடைத்தால் அவையும் கெடும். கடைசியில் ஜெயித்தது குழாயைத் திறக்கும் வேலைதான். 1995-ல் கட்டியைக் கரைக்கும் ஆல்டெப்ளேஸ் ஊசி, 2015-ல் கட்டியைக் கம்பியால் இழுத்தெடுக்கும் முறை.

#9 இரவுப்பறவை

தினமும் தலைகீழாக நின்றால் மூளைக்கு ரத்தம் அதிகம் போய் இதெல்லாம் வராது என்று ஒரு வீடியோவில் சொன்னார்களே?

#10 ஆய்வுக்கூட எலி

போகாது. சராசரி ரத்த அழுத்தம் ஏறத்தாழ 60-க்கும் 150-க்கும் நடுவில் எப்படி ஆடினாலும், மூளையின் சிறு தமனிகள் சுருங்கியும் விரிந்தும் ஓட்டத்தைப் பெரிதும் மாறாமல் வைத்துக்கொள்ளும். கட்டி அடைத்த குழாய்க்குத் தலைகீழாக நின்றாலும் நேராக நின்றாலும் ஒன்றுதான். கழுத்துக்கும் கண்ணுக்கும்தான் கேடு.

#11 செவ்வந்தி

எல்லோருக்கும் நன்றி. பழைய நோட்டு ஐயா சொன்னதை இரண்டு முறை படித்தேன்.

இன்னொரு சந்தேகம். அப்பா இப்போது நன்றாகத்தான் இருக்கிறார். ஸ்கேனில் ஒரு சின்னப் புள்ளிதான் தெரிகிறது என்றார்கள். ஆனால் சாயங்காலம் களைப்பாக இருந்தால் வார்த்தை தேடுகிறார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே "அது... திறக்குறது..." என்று நிற்கிறார். ரத்தம்தான் திரும்பிவிட்டதே, அப்புறம் ஏன்?

#12 ஆய்வுக்கூட எலி

அப்பாவைப் பற்றி அவரைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பொதுவாக நடப்பதைச் சொல்கிறேன்.

ரத்தம் திரும்புவதும் பேச்சு திரும்புவதும் ஒன்றல்ல. நியூரானின் கிளைகளில் முட்கள் மாதிரி சிறு முளைகள் உண்டு, பெரும்பாலான தூண்டும் சினாப்ஸ்கள் அவற்றின்மேல்தான் உட்கார்ந்திருக்கும். உயிருள்ள எலியின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே ரத்தத்தை நிறுத்தினார்கள். கடுமையான குறைவில் பத்து நிமிடத்திலேயே முளைகள் மறைந்து, கிளையே மணி கோத்ததுபோல வீங்கியது. 20-60 நிமிடத்துக்குள் ரத்தத்தைத் திருப்பிவிட்டபோது முளைகள் பெரும்பாலும் பழைய வடிவத்துக்கு வந்தன. இது 2005-ல் வந்த ஆய்வு. பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை.

ஆனால் வடிவம் திரும்பிவிட்டால் வேலையும் திரும்பியது என்று ஆகாது. பைகளை உருவாக்குவது, அவற்றைச் சவ்வோடு இணைப்பது எல்லாமே ஆற்றல் தேவைப்படும் புரத வேலைகள். நடுத்தரமான ரத்தக்குறைவு நீடித்தால், செல் பிழைத்திருந்தும் அதன் சினாப்ஸ்கள் நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம். சாதாரண ஸ்கேன் பெரும்பாலும் செத்த திசுவைத்தான் காட்டும். ஊமையாகிப்போன சினாப்ஸை அதில் தேட முடியாது.

#13 பழைய நோட்டு

இதோடு இன்னொன்றும் உண்டு. அடிபட்ட இடத்திலிருந்து தூரத்தில், ரத்தம் ஒழுங்காகக் கிடைக்கும் பகுதியும் மந்தமாகும். அதற்கு வழக்கமாக வரும் செய்தி வருவதில்லை, அவ்வளவுதான். ஃபான் மொனாகோவ் 1914-லேயே இதற்கு 'டயாஸ்கிசிஸ்' என்று பெயர் வைத்துவிட்டார். பெருமூளையின் ஒரு பக்கம் அடிபட்டால் சிறுமூளையின் எதிர்ப்பக்கத்தில் ரத்த ஓட்டமும் ஆற்றல் செலவும் குறைவதை ஸ்கேனில் பார்க்கலாம். அங்கே குழாயில் எந்த அடைப்பும் இருக்காது.

ரத்தம் குறைந்தால் பேச்சு குறையும் என்றுதான் இந்த இழை தொடங்கியது. பேச்சு குறைந்தாலும் ரத்தம் குறையும். வேலை செய்கிற இடத்துக்குத்தான் மூளை ரத்தத்தை அதிகம் அனுப்புகிறது என்று ராயும் ஷெரிங்டனும் 1890-லேயே எழுதிவிட்டார்கள்.

#14 மூன்றாம்வாசகன்

ஐயா என் கடையை இடித்துவிட்டார், பரவாயில்லை. ஆனாலும் கேட்கிறேன். முதல் நிமிடங்களில் அமைதி காப்பாற்றுகிறது, பிற்பாடு அதே அமைதி தடையாகிறது என்றால், அமைதியைக் கலைக்க நேரம் பார்த்து மருந்து கொடுக்கலாமே?

#15 ஆய்வுக்கூட எலி

அதைத்தான் 2010-ல் எலிகளில் செய்தார்கள். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு பாதிப்பைச் சுற்றியுள்ள செல்களில் காபா என்ற அடக்கும் சமிக்ஞை வழக்கத்துக்கு மேல் ஓங்கி நிற்கிறது. அதைக் குறைக்கும் மருந்தை ஸ்ட்ரோக் வந்த உடனே கொடுத்தால் சேதம் கூடியது. மூன்று நாள் கழித்துத் தொடங்கியபோது கை கால் அசைவு நன்றாக மீண்டது. மருந்து அதேதான், கொடுத்த நேரம்தான் வேறு.

துள்ளிக் குதிக்க வேண்டாம். இதே வழியில் மனிதர்களுக்காகச் செய்த ஒரு மருந்து சோதனையின் முடிவு 2020-ல் வந்தது, பலன் தெரியவில்லை. இப்போதைக்குக் கையில் இருப்பது பயிற்சிதான். அடங்கிக் கிடக்கும் இணைப்புகளுக்குத் திரும்பத் திரும்ப வேலை கொடுப்பது. பேச்சுப் பயிற்சியாளரிடம் போகிறீர்களா, செவ்வந்தி?

#16 செவ்வந்தி

வாரம் இரண்டு நாள் போகிறோம். அப்பாவுக்குத்தான் பிடிக்கவில்லை, "ஒண்ணாங்கிளாஸ் பாடம்" என்று முணுமுணுக்கிறார்.

#17 மெல்லோட்டம்

எங்கள் வீட்டுக் கதை வேறு மாதிரி. அம்மாவுக்கு ஸ்ட்ரோக் என்று எதுவும் வந்ததில்லை. பல வருட ரத்தக்கொதிப்பு. எம்.ஆர்.ஐ.யில் வெள்ளைத் திட்டுகள் நிறைய இருக்கின்றன. ஞாபகம் அப்படியே இருக்கிறது, ஆனால் எல்லாமே மெதுவாகிவிட்டது. கேள்வி கேட்டால் பதில் வரும், கொஞ்சம் காத்திருக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு வேலை கொடுத்தால் குழம்பிவிடுகிறார். இதுவும் சினாப்ஸ் விவகாரமா?

#18 ஆய்வுக்கூட எலி

இதில் பெரும்பங்கு கம்பிகளுடையது. அந்தத் திட்டுகள் இருப்பது மூளையின் உள்ளே, நியூரான்களின் நீண்ட இழைகள் ஓடும் வெண்பகுதியில். அங்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் நீளமானவை, மெல்லியவை, ஒன்றுக்கொன்று மாற்றுப்பாதை அதிகம் கிடையாது. பல வருட அழுத்தத்தில் அவற்றின் சுவர் தடித்து உள்வழி குறுகும். இழைகளுக்கு மைலின் என்ற காப்பு உறை போட்டுப் பராமரிக்கும் செல்கள் ரத்தக்குறைவைத் தாங்காதவை, அவைதான் முதலில் பாதிக்கப்படும். உறை தேய்ந்தால் துடிப்பின் வேகம் குறையும். சில துடிப்புகள் நேரம் தப்பி வரும், சில வழியிலேயே கரையும்.

ஒரு நியூரானைத் தூண்டப் பல இடங்களிலிருந்து துடிப்புகள் ஏறத்தாழ ஒரே கணத்தில் வந்து சேர வேண்டும். அவை முன்னே பின்னே வந்தால் கூட்டுத்தொகை போதாது, செய்தி எழாது. அதனால்தான் ஞாபகம் அழியாமல் வேகமும் திட்டமிடலும் முதலில் அடிபடுகின்றன.

பழைய திட்டுகள் மறையாது, ஆனால் வளர்வதை மட்டுப்படுத்த முடியும். ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை 120-க்குக் கீழே வைத்தவர்களுக்கு, 140-க்குக் கீழே வைத்தவர்களைவிடத் திட்டுகள் மெதுவாக வளர்ந்தன என்று 2019-ல் ஸ்ப்ரின்ட் ஆய்வு சொன்னது. அம்மாவின் வயதுக்கும் மற்ற நோய்களுக்கும் எந்த எண் ஒத்துவரும் என்பதை அவருடைய மருத்துவர் முடிவு செய்யட்டும். நீங்களாக மாத்திரையைக் கூட்டிவிடாதீர்கள். திடீரென்று அழுத்தத்தைத் தாழ்த்தினால், குறுகிப்போன குழாய்களில் ஓட்டம் இன்னும் குறையும்.

#19 இரவுப்பறவை

சரி, ஒரு நேர்க் கேள்வி. செல் சாகாமல் ஊமையாகத்தான் இருக்கிறது என்றால், கை மரத்துப்போய்ப் பத்து நிமிடத்தில் சரியானால் வீட்டிலேயே இருந்துவிடலாம்தானே? எங்கள் பெரியப்பா அப்படித்தான் இருந்தார்.

#20 பழைய நோட்டு

கூடாது. தயவுசெய்து யாரும் இந்த இழையைப் படித்துவிட்டு அந்த முடிவுக்கு வர வேண்டாம்.

பத்து நிமிடத்தில் சரியானது கட்டி தானாக நகர்ந்ததால் அல்லது கரைந்ததால். அந்தக் கட்டியை அனுப்பிய இடம், கழுத்துத் தமனியோ இதயமோ, அப்படியேதான் இருக்கிறது. அடுத்த கட்டி வருவதற்கு மிக அதிக வாய்ப்புள்ளது அடுத்த இரண்டு நாளில்தான். சரியாகிவிட்டாலும் அன்றைக்கே போக வேண்டும்.

சரியாகாமல் நீடிப்பவர்களுக்குக் கணக்கு இன்னும் மோசம். பெரிய தமனி அடைபட்ட ஸ்ட்ரோக்கில் சராசரியாக நிமிடத்துக்கு 19 லட்சம் நியூரான்களும் 1,400 கோடி சினாப்ஸ்களும் போகின்றன என்று 2006-ல் சேவர் கணக்கிட்டார். "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று படுக்க வைத்த எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். பெரியப்பாவை நாளைக்கே கூட்டிப்போங்கள்.

#21 இரவுப்பறவை

போன் போட்டுவிட்டேன் ஐயா. திட்டினார், ஆனால் வருகிறேன் என்றார்.

#22 கேள்விக்குறி

கடைசியாக ஒன்று. 2019-ல் செத்த பன்றியின் மூளையை மீட்டார்கள் என்று செய்தி வந்ததே. நான்கு மணி நேரம் கழித்துக்கூட சினாப்ஸ் பேசியது என்றால், மேலே நீங்கள் சொன்ன நிமிடக் கணக்கெல்லாம் என்ன ஆவது?

#23 ஆய்வுக்கூட எலி

யேல் பல்கலைக்கழகச் சோதனை அது. 'மீட்டார்கள்' என்று தலைப்பு போட்டது பத்திரிகைகள்தான். இறந்து நான்கு மணி நேரம் ஆன பன்றி மூளைகளில் ஒரு சிறப்புத் திரவத்தை ஆறு மணி நேரம் ஓட்டினார்கள். குழாய்கள் திறந்தன, செல்கள் குளுக்கோஸை எடுத்துக்கொண்டன, தனித்தனி நியூரான்களில் சினாப்ஸ் செயல்பாடு பதிவானது. ஆனால் மூளை முழுவதும் பரவும் மின் அலை ஒரு தடவைகூட எழவில்லை. அப்படி எழக்கூடாது என்று திரவத்திலேயே நரம்புச் செயல்பாட்டை அடக்கும் மருந்தும் கலந்திருந்தார்கள்.

நிமிடக் கணக்கு அங்கே உடையவில்லை. சாதாரண உடலில் அந்த நிமிடங்களுக்குப் பிறகு ரத்தம் திரும்பும்போது, திரும்பும் ஆக்சிஜனே புதிய சேதம் செய்யும், கால்சியம் பெருகும், அழற்சி தொடங்கும். நுண்குழாய்களைச் சுற்றியிருக்கும் பெரிசைட் செல்கள் சுருங்கிய நிலையிலேயே செத்து விறைத்துப்போவதால், பெரிய குழாய் திறந்தும் கடைசித் தெருவுக்கு ரத்தம் போவதில்லை. அந்தத் திரவத்தில் ரத்த அணுக்களே இல்லை, அழற்சி செல்களும் இல்லை, சேதத்தைத் தடுக்கும் பொருட்கள் கலந்திருந்தன. எனக்கு அதில் சுவாரசியமாகப் பட்டது, செத்துவிட்டது என்று நாம் கைவிடும் நேரத்துக்குப் பிறகும் செல்லின் இயந்திரம் பாதியாவது மிச்சமிருக்கிறது என்பதுதான். எதைக் கொடுத்தால், எந்த வேகத்தில் கொடுத்தால் அது உடையாமல் ஓடும் என்பதில்தான் இப்போது பல ஆய்வகங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கின்றன.

#24 செவ்வந்தி

தம்பிக்கு இழையை அனுப்பினேன். "வாரக்கணக்கில் பக்கத்து செல்கள் வேலையை எடுத்துக்கும்னு ரெண்டாம் பதிவிலேயே போட்டிருக்காங்களே, அப்ப நானும் ஜெயிச்சேன்" என்கிறான். பதினைந்தாம் பதிவை மட்டும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒண்ணாங்கிளாஸ் பாடத்துக்கு வியாழக்கிழமை வருகிறாராம்.